பத்தாகக் குறைந்த முதலாளி பங்கு

சேமநிதியின் கதை: 11

1986 ஏப்ரல் முதல் தேதி, முதலாளிகள் மத்திய சேமநிதிக்குக் கட்டும் பங்கு 25 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாக இறங்கியது. ஏப்ரல் முதல் தேதி என்றாலும் அது விளையாட்டல்ல. பிப்ரவரியிலேயே அரசாங்கம் அமைத்த பொருளியல் குழுவின் அறிக்கை வெளிவந்து, என்ன வரப்போகிறது என்பது ஊருக்கெல்லாம் தெரிந்திருந்தது. தொழிலாளியின் பங்கில் யாரும் கைவைக்கவில்லை. அது 25இலேயே நின்றது.

உலகின் பல நாடுகள் பொருளியல் படுத்துவிட்டால் முதியோர் கையில் கொஞ்சம் கூடுதல் பணம் கொடுத்துக் கடைகளை ஓட வைக்கப் பார்த்திருக்கின்றன. சிங்கப்பூர் அன்று எடுத்தது நேர் எதிர் வழி. அந்த வழி ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது, அதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதுதான் இந்த வாரக் கதை. கதையைக் கிளமெண்டியில் வைத்துச் சொல்வது எளிது.

கிளமெண்டி அப்போது இளம் பேட்டை. எழுபதுகளின் நடுவில் வீட்டுவசதி வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டத் தொடங்கிய நகர். எம்ஆர்டி இன்னும் எட்டவில்லை. நிலையம் திறந்தது 1988 மார்ச் 12 அன்றுதான். ஜூரோங் ஆலைகளுக்கும் கப்பல் பட்டறைகளுக்கும் பேருந்தில் போய்வரத் தோதான தூரம். மூவறை வீட்டை வாங்கிக் குடியேறிய குடும்பங்களில் பெரும்பாலோர் மாதத் தவணையைக் கைக்காசிலிருந்து கட்டவில்லை. 1968 செப்டம்பர் முதல் சேமநிதிப் பணத்தைக்கொண்டே வீவக வீடு வாங்கலாம் என்று சட்டம் இடம் கொடுத்திருந்தது. சம்பளம் வரும், சேமநிதிக்குப் போகும், அங்கிருந்து வீவகவுக்குப் போகும். கண்ணில் படாத பணத்தில் சொந்த வீடு.

இவ்வளவு பணம் சேமநிதியில் எப்படிச் சேர்ந்தது? முந்தைய பகுதிகளில் பார்த்தோம்: 1955 ஜூலை 1ஆம் தேதி நிதி தொடங்கியபோது தொழிலாளி ஐந்து, முதலாளி ஐந்து. 1971இல் பத்தும் பத்தும். 1974இல் பதினைந்தும் பதினைந்தும். 1979 முதல் 1981 வரை தேசிய சம்பள மன்றம் வேண்டுமென்றே சம்பளத்தை உயர்த்திய ஆண்டுகள். மலிவான கூலியை நம்பி நடக்கும் ஆலைகள் இயந்திரத்துக்கு மாறட்டும், இல்லையென்றால் வேறு நாட்டுக்குப் போகட்டும் என்பது கணக்கு. பேராசிரியர் லிம் சோங் யா தலைமையில் இயங்கிய மன்றம், கூட்டிய சம்பளத்தில் ஒரு பகுதியைக் கையில் கொடுக்காமல் சேமநிதிக்குத் திருப்பிவிட்டது. கையில் பணம் புரண்டால் விலைவாசி ஏறும் என்ற பயம். 1984இல் இரு பங்கும் 25 விழுக்காட்டைத் தொட்டன. சம்பளத்தோடு ஒப்பிட்டால் பாதி அளவுத் தொகை மாதாமாதம் நிதிக்குள் போனது. இத்தனை உயரத்தை அது பிறகு எட்டவே இல்லை.

ஆக, சிங்கப்பூரில் ஓய்வுக்காலச் சேமிப்பு அப்போதே இரண்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தது. ஒன்று முதுமைக்குப் பணம். மற்றொன்று பொருளியலின் சூட்டைத் தணிப்பது. சூடு அதிகமானால் சந்தாவை ஏற்றலாம் என்றால், குளிர்ந்துவிட்டால் இறக்கலாம் என்ற எண்ணம் வருவதற்கு வெகுகாலம் ஆகாது.

இடையில் 1984இன் அரசியலையும் சொல்லிவிட வேண்டும். அந்த ஆண்டு மார்ச்சில் சுகாதார அமைச்சர் ஹோ யூன் சோங் தலைமையிலான முதியோர் பிரச்சினைக் குழு, சேமநிதியை எடுக்கும் வயதை 55இலிருந்து 60க்கும் பிறகு 65க்கும் தள்ளலாம் என்றது. தன் பணத்தைத் தனக்கே தர மறுக்கிறார்கள் என்று காப்பிக்கடை காப்பிக்கடையாகக் கொதித்தது. பட்டதாரித் தாய்மாரின் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையில் முன்னுரிமை தந்த திட்டத்தின் மீதிருந்த கோபமும் சேர்ந்துகொள்ள, டிசம்பர் 22 பொதுத்தேர்தலில் மக்கள் செயல் கட்சிக்குச் சுமார் 13 விழுக்காட்டு வாக்குகள் நழுவின. ஆன்சன் தொகுதியை எதிர்க்கட்சியின் ஜே.பி. ஜெயரத்தினம் தக்கவைத்துக்கொண்டார், போத்தோங் பாசிரை இன்னோர் எதிர்க்கட்சியின் சியாம் சீ தோங் பிடித்தார். வயதை உயர்த்தும் யோசனை கிடப்பில் போடப்பட்டது.

மறு ஆண்டே பொருளியல் சறுக்கியது. சுதந்திரத்துக்குப் பின் முதல் முறையாக ஆண்டு முழுவதுக்குமான உற்பத்தி சுருங்கியது. அமெரிக்காவில் மின்னணுப் பொருளுக்குத் தேவை குறைந்தது, எண்ணெய்த் தொழிலும் கப்பல் கட்டும் தொழிலும் சுணங்கின, உள்ளூரில் கட்டுமானம் ஓய்ந்தது. நவம்பர் இறுதியில் பான் எலக்ட்ரிக் நிறுவனம் கவிழ்ந்ததில் டிசம்பரில் பங்குச் சந்தையையே மூன்று நாள் பூட்டிவைக்க வேண்டியதாயிற்று. சம்பளம் உற்பத்தித் திறனைத் தாண்டி ஓடிவிட்டது என்பது முதலாளிகளின் புகார். அது முற்றிலும் பொய்யுமல்ல.

வர்த்தகத் தொழில் துணை அமைச்சராயிருந்த லீ சியன் லூங் தலைமையில் 1985 ஏப்ரலில் அமைக்கப்பட்ட பொருளியல் குழு கொடுத்த மருந்துச்சீட்டில் நிறுவன வரியை 40 விழுக்காட்டிலிருந்து குறைப்பது, சம்பள உயர்வை இரண்டு ஆண்டு நிறுத்திவைப்பது எனப் பல இருந்தன. எல்லாவற்றிலும் கடுமையானது முதலாளியின் சேமநிதிப் பங்கில் 15 புள்ளி வெட்டு. ஓங் டெங் சியோங் தலைமைச் செயலாளராக இருந்த தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் (என்டியுசி) அதை ஏற்றுக்கொண்டு தொழிலாளிகளிடம் எடுத்துச் சொன்னது.

இந்த இடத்தில் சற்று நின்று, வேறொரு ஊருக்குப் போய்வருவோம்.

1933. கலிபோர்னியாவின் லாங் பீச். பெருமந்தத்தில் அமெரிக்கா அமிழ்ந்துகிடந்த காலம். பிரான்சிஸ் டவுன்சென்ட் என்ற 66 வயது மருத்துவர் உள்ளூர்ப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். அறுபது வயதைக் கடந்த ஒவ்வொருவருக்கும் மாதம் 200 டாலர் கொடுங்கள். முக்கிய நிபந்தனை இரண்டு: வேலையை விட்டுவிட வேண்டும், வாங்கிய பணத்தை 30 நாளுக்குள் செலவழித்துவிட வேண்டும். முதியவர் விலகும் இடத்தில் இளையவருக்கு வேலை. முதியவர் செலவழிக்கும் பணத்தில் கடைக்கும் ஆலைக்கும் உயிர். கொடுக்கல் வாங்கல் ஒவ்வொன்றிலும் இரண்டு விழுக்காடு வரி போட்டு இதற்குப் பணம் திரட்டலாம் என்றார். அன்றைய கூலிக்கு 200 டாலர் கண்ணைக் கட்டும் தொகை. கணக்கு உதைக்கிறது என்று பொருளியலாளர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். ஆனாலும் நாடெங்கும் ஆயிரக்கணக்கான டவுன்சென்ட் மன்றங்கள் முளைத்தன. முதியோரின் வாக்கு என்ற ஒன்று இருக்கிறது என்பதை வாஷிங்டன் அப்போதுதான் கண்டுகொண்டது.

டவுன்சென்ட் திட்டம் சட்டமாகவில்லை. அந்த நெருக்குதலும் சேர்ந்துதான் 1935 ஆகஸ்ட் 14 அன்று ரூஸ்வெல்ட் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதிலும் ஒரு வினோதம். சம்பளத்தில் பிடித்தம் 1937 ஜனவரியில் தொடங்கியது. மாத ஓய்வூதியமோ 1942இல்தான் என்று எழுதியிருந்தார்கள். ஐந்து ஆண்டு வாங்கிக்கொண்டே இருப்பது, மாத ஓய்வூதியம் கொடுப்பதில்லை. 1937இலேயே அமெரிக்கா மறுபடி சரிந்ததற்குச் சொல்லப்படும் காரணங்களில் இந்தப் பிடித்தமும் ஒன்று. 1939இல் சட்டத்தைத் திருத்தி, ஓய்வூதியத்தை 1940க்கு முன்னகர்த்தினார்கள்.

டவுன்சென்ட்டின் எண்ணம் அவரோடு போய்விடவில்லை. 2008 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் கெவின் ரட் அரசாங்கம் தனியாக வாழும் ஓய்வூதியருக்கு 1,400 ஆஸ்திரேலிய டாலரும் தம்பதிக்கு 2,100 டாலரும் ஒரே தவணையாகக் கொடுத்தது. அமெரிக்கா 2009இல் சமூகப் பாதுகாப்பு வாங்குவோருக்கு ஆளுக்கு 250 டாலர் அனுப்பியது. இந்தியாவில் ஆறாவது சம்பளக் குழுவின் நிலுவை 2008-09இல் 40 விழுக்காடும் மறு ஆண்டு 60 விழுக்காடுமாகப் பட்டுவாடா ஆனது. அது மந்தத்தைச் சமாளிக்கத் தீட்டிய திட்டமல்ல என்றாலும், மந்தம் வந்த நேரத்தில் அரசு ஊழியர் கையிலும் ஓய்வூதியர் கையிலும் பணம் விழுந்தது.

இவர்களுக்குப் பொருந்திய வழி 1986இல் நமக்கு ஏன் பொருந்தவில்லை? கிளமெண்டி அவென்யூ 3இன் ஈரச்சந்தையில் ஒரு சுற்று வந்தால் பதில் கிடைக்கும். அரிசி தாய்லாந்திலிருந்து வந்தது. காய்கறி மலேசியாவிலிருந்து. பருப்பும் மிளகாயும் இந்தியாவிலிருந்து. அடுப்பெரியும் எரிவாயுவின் மூலப்பொருளும் வெளிநாட்டு எண்ணெய். முதியவர் கையில் பத்து வெள்ளி கூடுதலாகக் கொடுத்தால், அதில் பெரும்பகுதி இரண்டு மூன்று கை மாறிக் கடல் தாண்டிப் போய்விடும். ஊரில் நிற்பது கடைக்காரரின் லாபமும் வாடகையும்தான். பெரிய நாட்டில் ஒருவர் செலவு இன்னொருவர் வருமானம். குட்டித் தீவில் அந்த இன்னொருவர் வேறு நாட்டில் இருக்கிறார். நம் ஆலைகள் ஓட வேண்டுமானால் அமெரிக்கரும் ஜப்பானியரும் வாங்க வேண்டும். அவர்கள் வாங்க நம் விலை இறங்க வேண்டும். எனவே கூலிச் செலவைக் குறை. இதுதான் குழுவின் தர்க்கம். அந்தத் தர்க்கத்தில் எனக்குக் குறை சொல்லத் தெரியவில்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. அதைக் காண ஒரு சம்பளச் சீட்டைக் கையில் எடுப்போம். மாதம் 600 வெள்ளி சம்பளம் வாங்கும் தொழிலாளி. 1985இல் அவர் 150, முதலாளி 150, ஆக 300 வெள்ளி சேமநிதிக்குப் போனது. அது மூன்றாகப் பிரிந்தது: வீட்டுக்கு உதவும் சாதாரணக் கணக்கில் 40 விழுக்காடு, அதாவது 240 வெள்ளி, முதுமைக்கென்றே 1977இல் தொடங்கிய சிறப்புக் கணக்கில் 4 விழுக்காடு, 24 வெள்ளி, மருத்துவத்துக்கான மெடிசேவில் 6 விழுக்காடு, 36 வெள்ளி. 1986 ஏப்ரலுக்குப் பிறகு? அவருடைய 150 அப்படியே. முதலாளியின் பங்கு 60. மொத்தம் 210. சாதாரணக் கணக்குக்கு 29 விழுக்காடு, 174 வெள்ளி. மெடிசேவுக்கு அதே 36. சிறப்புக் கணக்குக்குச் சுழியம்.

சுழியத்தைக் கவனியுங்கள். பணம் பற்றாமல் போனபோது வீட்டுத் தவணையை ஓரளவு காத்தார்கள், ஆஸ்பத்திரிப் பணத்தை முழுதாகக் காத்தார்கள், முதுமைக்கு எடுத்துவைத்த கணக்கைத் துடைத்தார்கள். அன்றைக்கு அது நியாயமாகவும் பட்டிருக்கும். வீடு ஏலத்துக்குப் போவது இந்த மாதத்துப் பிரச்சினை, முதுமை இருபது ஆண்டு தள்ளி. ஆனாலும் தவணையைச் சேமநிதியோடு இறுக்கிக் கட்டியிருந்த மூவறை வீட்டுக் குடும்பத்துக்கு மாதம் 66 வெள்ளி துண்டு விழுந்தால் அதைக் கைக்காசிலிருந்துதான் நிரப்ப வேண்டும். வேலை போகாமல் இருந்தவருக்கே இந்த நிலை.

வெட்டு தொழிலாளியின் பங்கில் விழுந்திருந்தால் கையில் வாங்கும் சம்பளமாவது கூடியிருக்கும். முதலாளியின் பங்கில் விழுந்ததால் அவர் கையிலும் ஏறவில்லை, கணக்கிலும் ஏறவில்லை. இதோடு இன்னொன்றும் நடந்தது. அதை அதிகம் பேர் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. 1974 முதல் 6.5 விழுக்காடாக நின்றிருந்த சேமநிதி வட்டி, 1986 மார்ச்சில் வங்கிகளின் சந்தை வட்டியோடு இணைக்கப்பட்டது. வங்கி வட்டி இறங்க, இரண்டே ஆண்டில் சேமநிதி வட்டி மூன்றரைக்கும் கீழே வந்துவிட்டது. சேருவதும் குறைந்தது, சேர்ந்தது வளர்வதும் குறைந்தது.

பொருளியல் மட்டும் எழுந்துகொண்டது. 1987இல் வளர்ச்சி சுமார் பத்து விழுக்காடு. 1988இல் அதையும் தாண்டியது. வெட்டு மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. 1985 செப்டம்பரில் நியூயார்க்கின் பிளாசா ஓட்டலில் ஐந்து நாடுகள் செய்துகொண்ட உடன்பாட்டால் ஜப்பானிய யென் ஏற, ஜப்பானிய ஆலைகள் தென்கிழக்காசியா பக்கம் திரும்பின; எண்ணெய் விலையும் விழுந்தது. வெட்டு இல்லாமலே எவ்வளவு எழுந்திருக்கும் என்று யாராலும் அளந்து சொல்ல முடியாது. ஆயினும் வெட்டு பலித்தது என்பதே அரசாங்கம் மனத்தில் குறித்துக்கொண்ட பாடம்.

அதனால்தான் ஆசிய நிதி நெருக்கடி வந்ததும் அதே கருவி வெளியே வந்தது. முதலாளியின் பங்கு படிப்படியாக ஏறி 1994 ஜூலையில் 20 ஆகியிருந்தது; தொழிலாளியின் பங்கும் 20க்கு இறங்கியிருந்தது. 1999 ஜனவரி 1 அன்று முதலாளியின் பங்கு மீண்டும் 10. மீண்டும் சிறப்புக் கணக்குக்குச் சுழியம். 2001இல் 16க்கு வந்தது. சார்ஸ் ஆண்டான 2003இன் அக்டோபரில் 13க்கு இறங்கியது. பதினேழு ஆண்டுகளில் மூன்று வெட்டு.

நான்காவது முறை வெட்டு வரவில்லை. 2009 ஜனவரி 22 அன்று நிதியமைச்சர் தர்மன் சண்முகரத்னம் தாக்கல் செய்த வரவு செலவுத் திட்டத்தில் 20.5 பில்லியன் வெள்ளி மீள்திறன் தொகுப்பு இருந்தது. சேமநிதியைத் தொடாமல், உள்ளூர் ஊழியர் ஒவ்வொருவரின் சம்பளத்திலும் முதல் 2,500 வெள்ளிக்கு 12 விழுக்காட்டை அரசாங்கமே முதலாளிக்குக் கொடுத்தது. ஜாப்ஸ் கிரெடிட் என்று பெயர். யாருக்கு எவ்வளவு என்பதை முதலாளி கட்டிய சேமநிதிச் சந்தாவின் பதிவிலிருந்தே கணக்கிட்டார்கள். அதாவது சந்தாவைக் கட்டினால்தான் பணம். இதற்கும் இன்னொரு திட்டத்துக்கும் சேர்த்து 4.9 பில்லியன் வெள்ளி வரை, முந்தைய அரசாங்கங்கள் சேர்த்துவைத்த கடந்தகால இருப்பிலிருந்து எடுக்க அதிபரின் ஒப்புதல் வேண்டியிருந்தது. கடந்தகால இருப்பின் பூட்டு திறக்கப்பட்டது அதுவே முதல் முறை. அதிபர் எஸ்.ஆர். நாதன் ஒப்புக்கொண்டார். கேட்டவரும் தமிழர், கொடுத்தவரும் தமிழர் என்பதைப் பெருமைக்காக அல்ல, பதிவுக்காகச் சொல்லிவைக்கிறேன். எடுத்தது சுமார் நான்கு பில்லியன். 2011இல் அதைத் திருப்பி வைத்துவிட்டார்கள்.

என் பார்வையில் சேமநிதியின் வரலாற்றில் 1986க்கு இணையான திருப்பம் 2009தான். மந்தத்தின் செலவைத் தொழிலாளியின் முதுமையிலிருந்து எடுக்காமல் நாட்டின் பொதுச் சேமிப்பிலிருந்து எடுக்கலாம் என்று அன்று முடிவானது. 2020இல் கோவிட் வந்தபோது வேலை ஆதரவுத் திட்டம் அதே தடத்தில் நடந்தது. மூத்த ஊழியர்களுக்கு 2021இல் வரவேண்டிய சந்தா உயர்வு மட்டும் ஓராண்டு தள்ளிப்போனது. பழைய பழக்கத்தின் சிறு மிச்சம்.

டவுன்சென்ட்டின் நிபந்தனை நம் ஊருக்கும் ஒருவகையில் வந்து சேர்ந்தது. கோவிட் காலத்தில் தொடங்கிய சமூக மேம்பாட்டு மன்ற (சிடிசி) பற்றுச்சீட்டுகள் 2021 டிசம்பரில் எல்லாக் குடும்பங்களுக்கும் 100 வெள்ளியாக வந்தன. அக்கம்பக்கக் கடைக்காரரைத் தாங்குவதும் அவற்றின் நோக்கம். 2025இல் சுதந்திரத்தின் அறுபதாம் ஆண்டுக்கான எஸ்ஜி60 பற்றுச்சீட்டு 21 முதல் 59 வயது வரை 600 வெள்ளி, 60 வயதிலிருந்து 800 வெள்ளி. செலவழிக்க 2026 டிசம்பர் 31 வரை கெடு. கிளமெண்டியில் 448ஆம் புளோக் உணவங்காடியில் கைப்பேசியை நீட்டிக் காப்பிக்கும் மீன் சூப்புக்கும் அதைக் கழித்துக்கொள்ளும் மூத்தோரால் அதை வங்கியில் போட்டுவைக்க முடியாது, ஜொகூருக்குக் கொண்டுபோகவும் முடியாது. கடல் தாண்டி ஒழுகும் பிரச்சினைக்கு இது அரைகுறைத் தீர்வு. காப்பித்தூள் இன்னமும் வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது.

இனி 1986இன் விலைக்கு வருகிறேன். அந்த ஆண்டு 45 வயதாயிருந்த தொழிலாளி 1996இல் 55ஐத் தொட்டார். சம்பாதிக்கும் கடைசிப் பத்தாண்டு முழுவதும் முதலாளியின் பங்கு பழைய 25க்குக் கீழேதான். 2016இல் அவருக்கு 75 வயது. அந்த ஆண்டுதான் 'சில்வர் சப்போர்ட்' என்ற மூத்தோர் ஆதரவுத் திட்டம் தொடங்கியது. ஓரறை, ஈரறை வீட்டில் இருப்பவருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 750 வெள்ளி. மூவறை வீட்டுக்கு 600. 55 வயதுவரை சேர்ந்த மொத்தச் சேமநிதிச் சந்தா 70,000 வெள்ளிக்கு மிகாதவர்களுக்கு மட்டும் என்று விதி. பிறகு அந்த வரம்பு 140,000 ஆனது. உச்சத் தொகை 2021இல் 900 வெள்ளியாகவும் 2025இல் 1,080 வெள்ளியாகவும் ஏறியது.

சந்தா குறைவாகச் சேர்ந்திருப்பது தகுதிகளில் ஒன்று. அது குறைவாகச் சேர்ந்ததற்குச் சம்பளம் குறைவு என்பது முதற்காரணம். 1986, 1999, 2003இன் வெட்டுகளும் அந்தக் காரணத்தில் சேரும். அரசாங்கம் இந்தத் தொகையை உதவி என்கிறது. அதில் ஒரு பகுதி பழைய பாக்கி என்பது என் கருத்து. பொருளியலைத் தூக்கி நிறுத்தத் தொழிலாளி கொடுத்தது மாதாமாதம் சம்பளத்தில் 15 விழுக்காடு. முப்பது ஆண்டு கழித்துத் திரும்பி வருவதை வட்டியோடு ஒப்பிட்டுப் பார்க்க யாரும் முன்வரவில்லை.

55 வயது வரையிலான தொழிலாளிக்கு முதலாளியின் பங்கு இன்று 17 விழுக்காடு. 2015இலிருந்து அப்படியே நிற்கிறது. மொத்தச் சந்தா 37.

தேர்தலுக்குப் பயந்து கிடப்பில் போட்ட வயது உயர்வு, 1987இல் குறைந்தபட்சத் தொகை என்ற வேறு உருவத்தில் திரும்பி வந்த கதையை அடுத்த வாரம் பார்ப்போம். அதற்குள் ஒரு வேண்டுகோள். 1985, 1986 ஆண்டுகளின் சேமநிதிக் கணக்கறிக்கையை இன்னும் பத்திரமாக வைத்திருக்கும் கிளமெண்டி வாசகர்கள் யாரேனும் இருந்தால், அதில் சிறப்புக் கணக்குக்கான வரியைப் பார்த்து எனக்கு எழுதுங்கள். பெயரும் எண்ணும் வேண்டாம், தொகை மட்டும் போதும்.

(தொடரும்)